மொட்டை மாடிச் சூரிய மின்சாரம்: பேனலுக்கு முன் மின்வாரியக் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் பேனலின் விலையை விசாரிப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை வாட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகு, மின்வாரியத்தின் விதிகளைக் கடைசியில், அதுவும் பொருத்துபவர் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. வெயிலில் வைத்த பேனல் மின்சாரம் தரும் என்பதில் ஐயமில்லை. நீங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும்போது அதை வாரியம் எப்படி வரவு வைக்கிறது என்பதுதான், போட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு வைத்திருப்பவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கடை, ஆலை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எங்கே மாறுகிறது என்பதையும் இடையில் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். நாம் எல்லோரும் இன்றும் மின்வாரியம் என்றும் இ.பி. என்றும் சொல்லும் அமைப்பு 2024-இல் பிரிக்கப்பட்டது. அதன் பிறகு வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். விண்ணப்பங்களிலும் இணையதளத்திலும் அந்தப் பெயரையே காண்பீர்கள். கட்டணத்தையும் சூரிய மின்சாரத்துக்கான கணக்கு முறையையும் வகுப்பது அந்தக் கழகம் அன்று; 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் அதை ஆணையாக வெளியிடுகிறது. எனவே பொருத்துபவர் சொல்வதும் அலுவலகத்தில் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஆணையத்தின் நடப்பு ஆணை என்ன சொல்கிறது என்று பார்ப்பதே முடிவான வழி.

மூன்று கணக்கு முறைகள்

முதலாவது நிகர அளவீடு. பகலில் நீங்கள் தெருக்கம்பிக்கு அனுப்பிய யூனிட், இரவில் நீங்கள் எடுத்த யூனிட்டிலிருந்து அப்படியே, யூனிட்டுக்கு யூனிட்டாகக் கழிக்கப்படும். மிஞ்சும் நிகர யூனிட்டுக்கு மட்டும் வழக்கமான படிநிலைக் கட்டணம். அனுப்பியது எடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தால், உபரி அடுத்த இரண்டு மாதக் கணக்குக்கு எடுத்துச் செல்லப்படும். இரண்டாவது நிகர ஊட்டல். இதில் அனுப்பிய யூனிட் கழிக்கப்படாமல், ஆணையம் நிர்ணயித்த ஒரு கொள்முதல் விலையில் பணமாக வரவு வைக்கப்படும். அந்த விலை நீங்கள் வாரியத்துக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு என்பதால், உற்பத்தியாகும் நேரத்திலேயே பயன்படுத்தும் யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு. மூன்றாவது மொத்த அளவீடு. விளைவது முழுவதும் வாரியத்துக்குப் போக, உங்கள் பயன்பாடு தனிக் கணக்காக நிற்கும். வீட்டுக்காரர் இந்த மூன்றாவதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இந்த முறைகள் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. 2012-ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கையை ஒட்டி நிகர அளவீடு வந்தது. 2019-இல் வீடுகளையும் சேர்த்து நிகர ஊட்டலுக்கு மாற்றினார்கள். அப்போது மாடியில் பேனல் போடும் ஆர்வம் பலரிடம் குன்றியது இயல்பே. 2021 அக்டோபரில் வந்த ஆணை வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீட்டைத் திரும்பக் கொடுத்தது. கொள்கை ஒரு பத்தாண்டுக்குள் இப்படி இருமுறை திரும்பியிருக்கிறது. எனவே நண்பர் 2019-இலோ 2020-இலோ போட்டு, 'அதனால் லாபமே இல்லை' என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு. கடை, அலுவலகம், ஆலை போன்ற இணைப்புகளுக்கு வீட்டுக்கு உரிய நிகர அளவீடு தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்காக யூனிட் கணக்கில் விதிக்கப்படும் வலையமைப்புக் கட்டணம் ஒன்றும் உண்டு. அது இணைப்பின் வகையையும் அமைப்பின் திறனையும் பொறுத்து மாறும். விண்ணப்பிக்கும் முன், 'என் இணைப்புக்கு எந்தக் கணக்கு முறை, வலையமைப்புக் கட்டணம் உண்டா, உண்டென்றால் யூனிட்டுக்கு எவ்வளவு' என்ற கேள்விகளைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோவாட்?

இதற்கு விடை மாடியின் பரப்பில் இல்லை, உங்கள் கடந்த ஆறு மின் கணக்கீடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஆறு கணக்கீடு என்பது ஓராண்டு. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டின் ஆறு கணக்கீடுகள் 620, 900, 700, 560, 480, 440 என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 3,700 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இது வெகுவாகக் குறையும், மாசி பங்குனியில் கூடும். இரண்டு கிலோவாட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,880 யூனிட். மீதம் 820 யூனிட்டுக்குத்தான் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அதிலும் ஒரு பகுதி ஒவ்வொரு கணக்கீட்டிலும் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மூன்று கிலோவாட் போட்டால் 4,320 யூனிட் விளையும். வீட்டின் மொத்தத் தேவையே 3,700 என்பதால் 620 யூனிட் உபரியாக நிற்கும். அது போதாதென்று, இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடிய யூனிட்டையும் உங்கள் சொந்தப் பணத்தில் விளைவித்திருப்பீர்கள். கணக்கு ஆண்டின் முடிவில் மிஞ்சும் உபரிக்கு, நீங்கள் வாரியத்துக்குக் கொடுக்கும் விலை கிடைக்காது.

படிநிலைக் கட்டணத்தின் இயல்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டு மாதத்தில் 600 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேலான ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்கு மேல்; ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். 400-க்குள் இருக்கும் யூனிட்டோ 5 ரூபாய்க்கும் குறைவு. 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளுக்கு அரசு தரும் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆகவே முதல் கிலோவாட் உங்கள் கட்டணத்தின் உச்சிப் படிகளை வெட்டுகிறது, இரண்டாவது நடுப்படிகளை வெட்டுகிறது, மூன்றாவதுக்கு வெட்டுவதற்கு அதிகம் இல்லாமலும் போகலாம். என் கருத்தில், மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டே போதும். அடுத்த ஆண்டு இன்னொரு ஏ.சி. வாங்கப்போகிறவர், மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் என்றால் மூன்றைப் பற்றி யோசிக்கலாம். ஐந்து கிலோவாட் போட்டுவிட்டால் வாரியம் உங்களுக்குப் பணம் அனுப்பும் என்று சொல்லும் விற்பனையாளரிடம், எந்த விலையில் அனுப்பும் என்று மட்டும் கேளுங்கள்.

மானியமும் இதே திசையில்தான் அமைந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், மொத்தத்தில் 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். இந்தியாவில் செய்த சூரிய செல்களை (பேனலுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் சில்லுகளை) கொண்டு இந்தியாவிலேயே செய்த பேனல்களுக்கு மட்டுமே இந்த மானியம் உண்டு. விலை குறைவு என்று சொல்லி வேறு பேனலைக் கொண்டுவந்து இறக்கினால் மானியம் போய்விடும் என்பதால், விலைப்பட்டியலில் இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அந்தப் பொது இணைப்புக்கு 2022-இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-இல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. இங்கே வீடுகளுக்கு உள்ள இலவசப் படி இல்லை என்பதால், லிஃப்ட் உள்ள குடியிருப்புக்குச் சூரிய மின்சாரம் தனி வீட்டைவிட விரைவாகவே போட்ட பணத்தை மீட்டுத் தரும். ஆனால் மாடி எல்லோருக்கும் பொது; சங்கத்தின் தீர்மானம் பதிவேட்டில் ஏறாமல் ஓர் ஆணியும் அடிக்க வேண்டாம்.

பெயரும் பளுவும்

விண்ணப்பிப்பவர் பெயரும் மின் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிய விதி; ஆனால் நம் ஊரில் பாதி இணைப்புகள் தாத்தா பெயரிலோ, வீட்டை விற்றுச் சென்றவர் பெயரிலோ இருக்கின்றன. எங்கள் எதிர்வீட்டு அக்கா பேனலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான், இணைப்பு எட்டு ஆண்டுகளுக்கு முன் காலமான மாமனார் பெயரில் இருப்பதைக் கவனித்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெயர் மாற்றம் முடிய இரண்டு மாதம் ஆனது. அதுவரை பேனல்கள் மாடிப்படியின் அடியில் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மானியம் வங்கிக் கணக்குக்கு வருவதால் அந்தக் கணக்கின் பெயரும் பொருந்த வேண்டும். எனவே பெயர் மாற்றத்தை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்பளு, அதாவது உங்கள் இணைப்பு ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. உங்கள் இணைப்புக்கு ஒப்புதல் பெற்ற மின்பளு எத்தனை கிலோவாட் என்பது கணக்கு விவரத்திலேயே இருக்கும். பேனலின் திறன் அதைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம் இங்கே வீட்டுக்காரருக்குப் பெரிய உதவி: 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, அவை ஏற்கப்பட்டதாகவே கருதப்படும், தேவையான மின்பளு உயர்வையும் மின் வழங்குநரே (நமக்கு மின் பகிர்மானக் கழகம்) செய்துகொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை, தெருவிலுள்ள கம்பியையும் மின்மாற்றியையும் வலுப்படுத்தும் செலவும் வழங்குநருடையது. 10 கிலோவாட்டுக்கு மேல் என்றால் ஆய்வை 15 நாளில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஒப்புதல் அளித்ததாகப் பொருள். பொருத்தி முடித்த பின் மீட்டர் வைத்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் காலக்கெடுவையும் அதே திருத்தம் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்தது. இந்த விதிகளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வது வீண்போகாது.

நான்கு கிலோவாட் வரை ஒருமுனை இணைப்பில் சேர்க்கலாம்; அதற்கு மேல் மும்முனை வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் வரம்பு. ஒருமுனை வீட்டில் ஐந்து கிலோவாட் போட நினைப்பவர் மும்முனையாக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்திலிருந்து மீட்டர் வரை

சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மாநிலத்தையும் வழங்குநரையும் தேர்ந்து, மின் இணைப்பு எண்ணை இட்டுப் பதிய வேண்டும். அதன் பிறகே பதிவு பெற்ற பொருத்துநர்களின் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் கிடையாது. பொருத்திய பின் விவரங்களைப் பதிவேற்றி, எடுப்பதையும் அனுப்புவதையும் தனித்தனியே அளக்கும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பிப்பது, வாரியத்தின் ஆய்வு, மீட்டர், இயக்கச் சான்று, வங்கி விவரம் என்று வேலை தொடரும்.

ஒப்பந்தத்தில் தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை இருவழி மீட்டர் ஓடத் தொடங்கும் நாளோடு கட்டிப்போடுங்கள். இல்லையேல் பேனலை ஏற்றிய மறுநாள் பொருத்துபவரின் தொலைபேசி மெதுவாக எடுக்கப்படும். மீட்டரை வாரியம் தருமா, அங்கீகரித்த தயாரிப்பை நீங்களே வாங்கித் தர வேண்டுமா, அதன் விலை யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு வருபவர் முக்கியமாகப் பார்ப்பது பாதுகாப்பை. தெருவில் மின்சாரம் நின்றவுடன், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் உங்கள் சூரிய இன்வெர்ட்டரும் இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதி. கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியர், மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். மின்சாரம் திரும்பிய பின்னும் மின்னழுத்தமும் (வோல்ட்) அதிர்வெண்ணும் அறுபது நொடி நிலையாக இருந்த பிறகே இன்வெர்ட்டர் இணைய வேண்டும். இதன் பொருள், பட்டப்பகலில் மின்தடை வந்தால் பேனல் இருந்தும் உங்கள் வீடு இருட்டுதான். மின்தடைக்கு மாற்றாகச் சோலார் என்று நினைத்து வாங்குபவர் பேட்டரியோடு கூடிய கலப்பு இன்வெர்ட்டரைத்தான் கேட்க வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் இல்லை.

அதே விதிகளில் இன்னொரு வரம்பு, அழுத்தம் பெயரளவைவிடப் பத்து சதவீதம் கூடினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது. 230 வோல்ட்டில் அது 253. என் வீட்டில் முதல் கோடையில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடியது. நல்ல வெயில், திரையில் 'அதிக அழுத்தம்' என்று சிவப்பு எழுத்து. வாரியத்தைக் குறை சொல்லிக்கொண்டே மீட்டர்ப் பெட்டியில் அளந்தால் 248 வோல்ட். மாடியில் இன்வெர்ட்டர் முனையில் 255. இடையில் இருந்தது முப்பத்தைந்து மீட்டர் நீளத்துக்கு, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. பொருத்தியவர் செய்த சிக்கனம். கம்பி மெல்லியதாக இருந்தால் மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் தன் முனையில் அழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றியதும் அந்த ஏழு வோல்ட் வேறுபாடு மூன்றாகக் குறைந்தது, நிற்பதும் நின்றது. விலைப்பட்டியலில் பேனலின் பெயரை மூன்று முறை வாசிக்கும் நாம் கம்பியின் குறுக்களவு இருக்கும் வரியைப் பார்ப்பதே இல்லை. மின்னல் தாங்கிக்குத் தனி நிலத்தொடர்பு (எர்த்), மற்றவற்றுக்குத் தனி நிலத்தொடர்பு இருக்கிறதா என்பதையும் குழி தோண்டும்போதே அருகில் நின்று பாருங்கள். 2018-இல் கஜா புயல் கடந்த கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டகம் துத்தநாகப் பூச்சு உள்ளதா, தளத்தோடு காங்கிரீட்டில் பிணைத்திருக்கிறார்களா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்டர் மாற்றும் நாளில்

பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் இறுதி அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இருவழி மீட்டரின் தொடக்க அளவையும், உள்வரவு, வெளியேற்றம் இரண்டையும் தனித்தனியே, படமெடுங்கள். நான் இதைச் செய்யத் தவறினேன்; முதல் கணக்கீட்டில் யூனிட் கூடுதலாகத் தெரிந்தபோது, அது பழைய மீட்டரின் கடைசி இருபது நாள் பயன்பாடா, புதியதன் தவறா என்று எனக்கே சொல்ல முடியவில்லை.

முதல் கணக்கீடு வந்ததும் நான்கு எண்களைப் பாருங்கள்: எடுத்த யூனிட், அனுப்பிய யூனிட், நிகர யூனிட், அடுத்த கணக்குக்குப் போகும் உபரி. அனுப்பிய யூனிட் சுழியமாக இருந்தால் அது பெரும்பாலும் கணக்குப் பதிவுக் கோளாறு. இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு: இன்வெர்ட்டர் செயலி காட்டும் உற்பத்தியும் மீட்டர் காட்டும் வெளியேற்றமும் ஒன்றாக இராது. செயலி 700 யூனிட் என்று காட்டினால், அதில் பகலில் உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் எடுத்த 250 போக மீதம் 450தான் மீட்டர் வழியே வெளியேறியிருக்கும். அந்த 250 உங்களுக்கு நட்டம் ஆகவில்லை. அது கணக்குக்கே வராமல் மிச்சமான மின்சாரம்.

மீட்டரின் அளவில் ஐயம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 திருத்தத்தின்படி, புகார் பெற்ற ஐந்து நாளுக்குள் வழங்குநர் ஒரு சரிபார்ப்பு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மற்றக் குறைகளுக்கு 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியத்தின் புகார் மையம்) எண்ணில் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரிவு உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர் என்று மேலே செல்லலாம். அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தீர்ப்பில் நிறைவில்லை என்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் தேதியைக் கேட்பார்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டிலோ, விற்கப்போகும் வீட்டிலோ ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிகர அளவீட்டு ஒப்பந்தம் இணைப்பின் பெயரில் இருப்பவருடையது. பேனலை மட்டும் கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லாம் புதிதாகத்தான். விற்கும்போது பேனலைச் சொத்தோடு சேர்த்து எழுதி, இணைப்புப் பெயர் மாற்றத்தின்போதே ஒப்பந்தத்தையும் புதியவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கணக்கில் நிற்கும் உபரி யூனிட்டை அதற்கு முன்பே பயன்படுத்தித் தீர்த்துவிடுவது விற்பவருக்கு நல்லது.